ஜூலிக்கு வயதாகட்டுமே

1979-இல் வந்த ஒரு ஜப்பானியப் படத்தில், பள்ளிக்கூட அறிவியல் வாத்தியார் ஒருவர் தன் வாடகை வீட்டிலேயே அணுகுண்டு செய்கிறார். தோக்காய்முரா அணு உலைக்குள் புகுந்து புளூட்டோனியத்தைத் திருடிக்கொண்டு வந்து, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து உருக்கி, வார்த்து, பூட்டி முடிக்கிறார். முடிந்த கையோடு பாப் மார்லி பாட்டைப் போட்டுவிட்டு ஓர் ஆட்டம். எந்நேரமும் வாயில் பபிள்கம். சரி, குண்டு தயார். இனி அரசாங்கத்திடம் என்ன கேட்பது? அதுதான் அவருக்குத் தெரியவில்லை. யோசித்து யோசித்து முதலில் கேட்பது, டிவியில் ராத்திரி பேஸ்பால் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை காட்ட வேண்டும் என்று. அடுத்தது, ரோலிங் ஸ்டோன்ஸ் ஜப்பானில் வந்து பாட வேண்டும். (போதைப்பொருள் விவகாரத்தைக் காரணம் காட்டி 1973-இல் ஜப்பான் அவர்களை உள்ளே விடவில்லை.) போலீஸிடம் தன் பெயரை 'ஒன்பது' என்கிறார். உலகத்தில் எட்டு நாடுகளிடம் குண்டு இருக்கிறது, ஒன்பதாவது ஆள் நான் என்று கணக்கு.

'சூரியனைத் திருடிய மனிதன்' என்பது அந்தப் படத்தின் பெயர். இயக்கியவர் கசுஹிகோ ஹசெகாவா. ஹிரோஷிமாவில் தாயின் வயிற்றில் இருந்தபோதே கதிர்வீச்சுக்கு ஆளானவர். வாழ்நாளில் இரண்டே படம்தான் எடுத்தார், இது இரண்டாவது. அணுகுண்டை வைத்து இவ்வளவு நக்கல் செய்ய அவருக்கு இருந்த உரிமை வேறு யாருக்கும் இருந்திருக்காது.

படத்தில் ஓர் இடம் மறக்கவே மறக்காது. கதிர்வீச்சு வாத்தியாரின் உடம்புக்குள் இறங்கிவிட்டது. சாதாரணமாகத் தலையைக் கோதுகிறார், முடி கொத்தாகக் கையோடு வந்துவிடுகிறது. அழுகையோ அலறலோ இல்லை. கையில் இருப்பதை ஒரு கணம் பார்க்கிறார், அவ்வளவுதான்.

இந்த நடிகர் யார் என்று தேடப் போனதில்தான் எனக்கு கென்ஜி சவாடா, அதாவது தலைப்பில் இருக்கும் ஜூலி, கிடைத்தார். ஆள் நடிகராகத் தொடங்கியவரே இல்லை. அந்த நாளில் ஜப்பானின் உச்ச பாப் பாடகர். கையோடு வந்த அந்த முடி இருக்கிறதே, பன்னிரண்டு வருடமாக ஜப்பானிய இளம்பெண்கள் கிறங்கிக் கிடந்த முடி. அதைப் பிடுங்கிக் காட்டச் சம்மதித்திருக்கிறார் என்றால் இவர் லேசுப்பட்ட ஆள் இல்லை என்று அப்போதே பட்டது.

1948 ஜூன் 25-ஆம் தேதி தொத்தோரியில் பிறந்து, கியோட்டோவில் வளர்ந்தவர். கியோட்டோப் பையன்கள் சேர்ந்து ஒசாகாவின் நம்பா பகுதியில் 'ஃபன்னீஸ்' என்று ஒரு குழுவாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1966-இல் பீட்டில்ஸ் டோக்கியோ புடோகான் அரங்கில் பாடிவிட்டுப் போயிருந்த நேரம் அது. ஊருக்கு ஊர் கிட்டார் குழுக்கள் முளைத்தன, 'குரூப் சவுண்ட்ஸ்' என்று அந்த அலைக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். டோக்கியோவுக்கு வந்த ஃபன்னீஸை, இசையமைப்பாளர் கொய்ச்சி சுகியாமா 'டைகர்ஸ்' ஆக்கினார். (வீடியோ கேம் ஆடுபவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். பிற்பாடு 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டுக்கு இசையமைத்தவர் இவரேதான்.) 1967 பிப்ரவரியில் முதல் இசைத்தட்டு வந்தது. சவாடாவுக்கு 18 வயது. ஜூலி ஆண்ட்ரூஸைப் பிடிக்கும் என்பதால் தனக்கு 'ஜூலி' என்று பெயர் வைத்துக்கொண்டார். அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுபது வயதுப் பாட்டிமார்கள் அரங்கத்தில் "ஜூலீ!" என்று கத்துவதைக் கேட்டால் அந்தப் பெயரின் பலம் புரியும்.

1968-இல் வந்த ஒரு பாட்டில், 'உனக்கு மட்டும்' என்ற வரி வரும்போதெல்லாம் கூட்டத்தை நோக்கி விரலை நீட்டுவார். அந்த விரல் போகும் திசையில் இருந்த ஒவ்வொருத்தியும் அது தனக்குத்தான் என்று நினைத்து மயங்கி விழுந்தார்கள். இது மிகையான பேச்சு இல்லை, நிஜமாகவே ஆம்புலன்ஸ் வந்த காலம் அது. 1967-இல் நாராவில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் நடந்த நிகழ்ச்சியில் நெரிசல் ஏற்பட்டுப் பலர் காயமடைந்தார்கள். அதன்பிறகு பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே டைகர்ஸைத் திரையில் காட்டவே இல்லை. நீண்ட முடி வைத்த குழுக்கள் என்றாலே அவர்களுக்கு ஆகாது. நாட்டிலேயே பெரிய குழு, ஆனால் நாடே உட்கார்ந்து பார்க்கும் ஆண்டிறுதி 'கோஹாகு' பாட்டு நிகழ்ச்சியில் அந்த நாளில் ஒருமுறைகூட இடமில்லை.

நாலே வருடம். 1971 ஜனவரி 24, புடோகானில் கடைசிக் கச்சேரி. டிரம்ஸ் வாசித்த மினோரு ஹிதோமி கியோட்டோவுக்குத் திரும்பிப் போய், விட்ட படிப்பைப் பிடித்து, கேய்ஓ பல்கலைக்கழகத்தில் படித்து, பிறகு பள்ளியில் சீன மொழி வாத்தியாராகிவிட்டார். பழைய நண்பர்களோடு பல பத்தாண்டுகள் பேச்சே இல்லை. பேஸ் கிட்டார் வாசித்த கிஷிபே நடிப்புக்குப் போனார். இத்தோக்கு கிஷிபே என்றால் ஜப்பானிய சினிமா பார்ப்பவர்களுக்கு உடனே முகம் நினைவுக்கு வரும். அந்தக் கறாரான, சலனமே இல்லாத முகம் ஒரு காலத்தில் பாப் குழுவில் இருந்தது என்றால் நம்பக் கஷ்டம்.

ஜூலி தனியாகப் பாடத் தொடங்கினார். அவருடைய 1970-களைப் பற்றி எழுதினால் பாட்டை விடத் துணிமணி பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கும். தப்பில்லை, அவரே அப்படித்தான் திட்டமிட்டார். தகேஜி ஹயகாவா என்ற உடை வடிவமைப்பாளரோடு சேர்ந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு புது ஆளாக வந்து நின்றார். பாட்டு மாறினால் முகமும் மாறும், நிற்கிற விதமும் மாறும். டிவி அப்போது வீட்டுக்கு வீடு வந்துவிட்ட காலம். வாரத்துக்கு நாலைந்து பாட்டு நிகழ்ச்சிகள், ஒரே பாட்டை மாதக்கணக்கில் பாட வேண்டும். பாட்டு மூணு நிமிஷம். அதில் மக்கள் அடுத்த நாள் பேசுகிற மாதிரி ஒரு விஷயம் செய்ய வேண்டும். இதை அவர் அளவுக்குப் புரிந்துகொண்டவர் அப்போது யாரும் இல்லை என்பது என் எண்ணம்.

1975-இல் 'ஆகுமா நோ யோனா ஆய்ட்சு' என்ற டிவி தொடரில் நடித்தார். 1968 டிசம்பரில் டோக்கியோவில் போலீஸ்காரர் வேஷத்தில் வந்த ஒருவன் 30 கோடி யென் பணத்தைக் கொண்டுபோனான், கடைசிவரை பிடிபடவே இல்லை. அந்தத் திருடனாக நடித்தவர் இவர். வழக்குக்குச் சட்டப்படி இருந்த காலக்கெடு நிஜத்திலேயே அந்த வருட டிசம்பரில் முடிய இருந்தது, அதை வைத்தே தொடரை ஓட்டினார்கள். அதன் திரைக்கதையும் மேலே சொன்ன ஹசெகாவாதான். தொடரில் அவர் பாடிய பாட்டு 9 லட்சம் தட்டுகளுக்கு மேல் விற்றது, அவர் வாழ்க்கையிலேயே அதிகம் விற்ற பாட்டு.

அப்புறம் ஒரு சறுக்கல். கைகலப்பு விவகாரங்களில் சிக்கி, 1976-இல் ஒரு மாதம் மேடையை விட்டு ஒதுங்கி இருக்க வேண்டி வந்தது. அந்த ஆண்டு கோஹாகுவிலும் ஆள் இல்லை. அடுத்த வருடமே திரும்பி வந்தார், எப்படி என்றால் தொப்பியோடு. 1977-இல் வந்த 'கத்தே நி ஷியாகாரே' பாட்டில் காதலி பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறாள். அவன் தூங்குவதுபோல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். தடுக்க வீம்பு விடவில்லை, போ என்று விடவும் மனசில்லை. யூ ஆகு எழுதிய வரிகள், கட்சுவோ ஓனோவின் மெட்டு. பாடிக்கொண்டே தலையில் இருக்கும் பனாமா தொப்பியைக் கழற்றி வீசி எறிவார். மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினால் தட்டு மாதிரி சுழன்றுகொண்டு போகும் அது. ஜப்பான் முழுக்கப் பையன்கள் தொப்பி எறியப் பழகினார்கள். அந்த வருடத்தின் ஜப்பான் ரெக்கார்ட் விருதும் அந்தப் பாட்டுக்குத்தான்.

எல்லாமே நல்லதாக இருந்தது என்று சொல்லமாட்டேன். 1978-இல் 'சாமுராய்' பாட்டுக்கு நாஜிச் சின்னத்தை ஒத்த ஒரு பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு வந்தார். கண்டனம் வந்த பிறகு அந்த அடையாளத்தை மாற்றினார்கள். பார்க்க அழகாக இருந்தால் போதும், எதை வேண்டுமானாலும் எடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்கிற அந்தக் காலத்து அசட்டுத்தனம். இன்று அந்தக் காட்சிகளைப் பார்க்கக் கூசுகிறது. 1979-இல் இன்னொரு பாட்டுக்கு விஸ்கியை பாட்டிலோடு வாயில் கவிழ்த்து, புகைபோல ஊதித் தெளித்தார். 1980 ஜனவரி முதல் தேதி வந்த 'டோக்கியோ' பாட்டுக்கு முதுகில் நிஜ பாராசூட்டையே கட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் விளக்குகள் மின்ன மேடைக்கு வந்தார். வருடக்கணக்காகக் கூடவே வாசித்துவந்த தகாயுகி இனோவேயின் குழு விலகியதும் அந்த மாதம்தான். கூட இருந்தவர்களே 'போதும்டா சாமி' என்ற இடத்தில் இவர் நிற்கவில்லை.

நடிப்புக்கு வருகிறேன். அவர் படங்களை அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். அழகான பாடகர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கிற, கிட்டாரோடு கடற்கரையில் ஓடுகிற காதல் நாயகன் வேடம் அதில் அநேகமாக இல்லை. 1981-இல் கின்ஜி ஃபுகாசாகு இயக்கிய 'மகாய் டென்ஷோ'வில் செத்துப் பிழைத்துப் பழிவாங்க வரும் கிறிஸ்தவக் கிளர்ச்சித் தலைவன் ஷிரோ அமகுசா. அதில் அவர் முத்தம் கொடுக்கும் இளைஞன் யார் தெரியுமா? இப்போது 'ஷோகன்' தொடரால் உலகமே அறிந்திருக்கும் ஹிரோயுகி சனாதா. 1985-இல் அமெரிக்க இயக்குநர் பால் ஷ்ரேடர், ஜப்பானிய எழுத்தாளர் மிஷிமாவைப் பற்றி எடுத்த 'மிஷிமா'வில் ஒரு பகுதியின் நாயகன். ('சூரியனைத் திருடிய மனிதன்' படத்தின் கதையை எழுதியவர் பாலின் அண்ணன் லெனர்ட்.) அந்தப் படம் அப்போது ஜப்பானில் திரைக்கு வரவே இல்லை. 1991-இல் மட்டும் இரண்டு. செய்ஜுன் சுசுகியின் 'யுமேஜி'யில் ஓவியர், ஷின்யா சுகமோட்டோவின் 'ஹிருகோ'வில் கைவசம் விசித்திரக் கருவிகளோடு பேயைத் துரத்தும் கோமாளித்தனமான தொல்லியல் ஆராய்ச்சியாளர். 2001-இல் தகாஷி மீகேயின் 'கதாகுரி' குடும்பத்தின் அப்பா. மலைமேல் விடுதி நடத்துகிறார், வருகிற விருந்தினர் எல்லாம் செத்துச் செத்து விழ, குடும்பமே பாடி ஆடிக்கொண்டு பிணத்தைப் புதைக்கிறது. சொன்னால் நம்பமாட்டீர்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1982 கடைசியில் வந்த தோரா-சான் வரிசைப் படம். யோஜி யமதா இயக்கும் அந்த வரிசையில் நாடோடி வியாபாரி தோரா-சானுக்குப் படத்துக்குப் படம் ஒரு காதல் வரும், போகும். இதில் ஜூலி, பெண்களிடம் ஒரு வார்த்தை பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும் மிருகக்காட்சிசாலை ஊழியர். சிம்பன்ஸியோடு கொஞ்சுவார், பெண்ணைக் கண்டால் தரையைப் பார்ப்பார். ஒரு பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்கு வகுப்பெடுப்பவர் சப்பை மூக்கும் சதுர முகமுமான தோரா-சான். நாடறிந்த மன்மதனுக்கு! தியேட்டரில் சிரிப்பு எப்படி வெடித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். படத்தில் அவர் விரும்பும் பெண்ணாக நடித்தவர் யூகோ தனாகா. மறு வருடம் 'ஓஷின்' தொடரில் இளவயது ஓஷினாக வந்து உலகத்தையே அழவைத்தவர். இலங்கையில் அந்தத் தொடரைப் பார்த்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், ஆமாம், அவரேதான். ஜூலிக்கு ஏற்கெனவே 'பீனட்ஸ்' என்ற பாடகி இரட்டையர்களில் ஒருவரான எமி இட்டோவுடன் கல்யாணமாகி 1987-இல் பிரிவானது. 1989-இல் தனாகாவை மணந்தார்.

1985-இல் தன்னை வளர்த்த பெரிய நிறுவனத்தை விட்டுத் தனியே வந்தார். அதோடு ஹிட் வரிசை நின்றது என்றே சொல்லலாம். டிவியிலிருந்தும் மெல்ல விலகினார். இங்கேதான் மற்றவர்களிடமிருந்து இவர் பாதை பிரிகிறது. வயதான பாப் பாடகருக்கு ஒரு சுகமான வழி உண்டு. பழைய ஹிட்டுகளையே பாடி, பழைய தொப்பியையே எறிந்து, முடிக்குச் சாயம் பூசி, ஞாபகங்களை விற்றுக் காலத்தை ஓட்டலாம். கூட்டமும் அதைத்தான் கேட்கும். ஜூலி வருடா வருடம் புதுப் பாட்டுகளைப் போட்டுக்கொண்டு, அதையே ஊர் ஊராகப் பாடினார். உடம்பு பருத்தது, விட்டுவிட்டார். முடி நரைத்தது, அதையும் விட்டுவிட்டார். தாடி வளர்ந்தது. பத்திரிகைகள் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கேலி செய்தன. இருபது வயதில் ஒரு நாட்டின் அழகுக்கே அளவுகோலாக இருந்த ஒரு மனிதன், எல்லோர் கண்ணெதிரிலும் சாதாரணக் கிழவனாக ஆவதற்குச் சம்மதித்ததைத்தான் அவர் செய்த மிகத் துணிச்சலான வேலை என்பேன். பாராசூட்டெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

2008-இல் 60 வயது. ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பேஸ்பால் அரங்குகளில் கச்சேரி, ஒவ்வொன்றிலும் ஒரே நாளில் 80 பாட்டு, ஆறரை மணி நேரம். அதே ஆண்டில், போரைத் துறக்கும் ஜப்பானிய அரசமைப்பின் ஒன்பதாவது பிரிவை ஆதரித்தும் ஒரு பாட்டு. 2011 மார்ச் 11-இல் நிலநடுக்கமும் ஃபுகுஷிமா விபத்தும். மறு வருடம் அதே மார்ச் 11-இல் அந்தத் துயரத்தைப் பாடும் இசைத்தட்டை வெளியிட்டார், அடுத்தடுத்த வருடங்களிலும் அதே தேதியில் தொடர்ந்தார். அணு உலைகளுக்கு எதிராக வெளிப்படையாகப் பேசினார். ரசிகர்களில் ஒரு பகுதிக்கு இது பிடிக்கவில்லை, ஜாலியாகப் பாட்டுக் கேட்க வந்தால் அரசியல் பேசுகிறாரே என்று முணுமுணுப்பு. முப்பது வருடத்துக்கு முன்பு கையில் கொத்தாக முடியோடு நின்ற அந்த வாத்தியாரைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

டைகர்ஸும் கூடினார்கள். சீன மொழி வாத்தியார் ஹிதோமி நாற்பது வருடம் கழித்து டிரம்ஸில் உட்கார்ந்தார். அந்தப் பயணத்தின் கடைசிக் கச்சேரி 2012 ஜனவரி 24, அதே புடோகான், அதே தேதி. 2013 டிசம்பரில் ஐந்து பேரும் முழுதாகச் சேர்ந்தார்கள்.

பிறகு அந்த 2018 அக்டோபர் 17. எழுபது வயதை ஒட்டி ஒற்றைக் கிட்டார்க்காரரோடு மட்டும் 66 கச்சேரிகள் என்ற பெரிய பயணம். சைத்தாமா சூப்பர் அரீனாவில் கூட்டம் வந்து காத்திருக்கிறது. தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது நிகழ்ச்சி ரத்து என்று அறிவிப்பு. மறுநாள் காரணத்தை அவரே நிருபர்கள் முன்னால் சொன்னார். 9,000 பேர் வருவார்கள் என்றார்கள், வந்தது 7,000. ஆங்காங்கே காலியாகக் கிடக்கும் அரங்கத்தில் பாடுவது கொடுமை, முடிவு என்னுடையது, என் வீம்பு என்று மன்னிப்பும் கேட்டார். வெள்ளைத் தாடியும் முதுகுப்பையுமாக நின்ற அந்த மனிதரை டிவியில் ஒரு வாரம் அலசித் தள்ளினார்கள்.

எனக்கு இதில் அவர் பக்கம் நிற்க முடியவில்லை. ரயில் பிடித்து, அறை போட்டு, தூர ஊர்களிலிருந்து வந்த 7,000 பேர், அவர்களில் பலரும் அவர் வயதுப் பெண்கள். அவர்கள் முன்னால் பாடியிருக்கத்தான் வேண்டும். ஆனால் இன்னொன்றும் தோன்றுகிறது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு போனால் போ என்ற அந்த வீம்புக்காரனை இவர்கள் நாற்பது வருடமாகக் கொண்டாடினார்கள். பாட்டில் இருந்தபோது இனித்தது, ஆளிடம் பார்த்தபோது கசந்தது.

2020 மார்ச்சில் நகைச்சுவை நடிகர் கென் ஷிமுரா கொரோனாவில் இறந்துபோனார். யோஜி யமதாவின் புதுப் படத்தில் கதாநாயகனாக நடிக்க இருந்தவர். அந்த இடத்துக்கு ஜூலியைக் கூப்பிட்டார்கள். இருவரும் ஒரே நிறுவனத்தில் வளர்ந்து, டிவியில் சேர்ந்து கூத்தடித்த பழைய கூட்டாளிகள். குடி, சூதாட்டம், கடன் என்று குடும்பத்தைப் படுத்தும் ஒரு கிழவர் வேடம். 2021-இல் படம் வந்தது. அதில் ஷிமுரா பிரபலமாக்கிய ஹிகாஷிமுராயாமா நாட்டுப்பாட்டை ஜூலி ஓர் இடத்தில் பாடுகிறார். படம் சுமார்தான். அந்த ஒரு பாட்டுக்காகப் பார்க்கலாம்.

2022-இல் வந்த 'தி ஜென் டைரி' வேறு ரகம். இயக்கம் யூஜி நகாயே. நகானோ மலைப்பக்கத்தில் தனியாக வசிக்கும் எழுத்தாளர், சின்ன வயதில் ஜென் மடத்தில் சமையல் கற்றவர். மனைவி இறந்து 13 வருடம் ஆகியும் அஸ்தியைப் புதைக்க மனம் வராமல் வீட்டிலேயே வைத்திருக்கிறார். தோட்டத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அன்றைய சாப்பாடு. கிழங்கை மண்ணோடு பிடுங்கி, குளிர்ந்த தண்ணீரில் அலசி, தோல் முழுக்கப் போய்விடாமல் தேய்த்து எடுக்கிறார். மூங்கில் குருத்தை வெட்டி வந்து வேகவைத்து, நடிகை தகாகோ மட்சுவோடு எதிரெதிரே உட்கார்ந்து வாய் நிறையச் சாப்பிடுகிறார். கேமரா அந்தக் கைகளை விட்டு நகர்வதில்லை. தடித்த, நரம்பு புடைத்த, அவசரமே இல்லாத கிழவன் கை. கூட்டத்தை நோக்கி விரல் நீட்டியதும் தொப்பி எறிந்ததும் அதே கைதான். அந்தப் படத்துக்கு மைனிச்சி நாளிதழ், கினெமா ஜும்போ சினிமா இதழ் இரண்டுமே சிறந்த நடிகர் விருதைக் கொடுத்தன. பாட்டுக்காரர் என்ற சலுகையில் கிடைத்த விருது என்று யாரும் சொல்ல முடியாது. படத்தின் முடிவில் வருவது அவருடைய 1996-ஆம் வருடப் பாட்டு. புதிதாக எழுதியிருந்தால்கூட இவ்வளவு பொருந்தியிருக்காது.

2023 ஜூன் 25, 75-ஆவது பிறந்தநாளுக்கு மறுபடியும் அதே சைத்தாமா அரங்கத்தையே பிடித்தார். இந்தத் தடவை 19,000 பேர், ஒரு டிக்கெட் மிச்சமில்லை. டைகர்ஸ் நண்பர்களும் மேடை ஏறினார்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், முதலில் 'சூரியனைத் திருடிய மனிதன்' பாருங்கள். இரண்டரை மணி நேரம், கடைசி அரைமணி கார் துரத்தலில் தர்க்கம் எல்லாம் பறந்துவிடும், கண்டுகொள்ளாதீர்கள். அப்புறம் 1977 தொப்பிப் பாட்டின் டிவி பதிவுகளில் ஏதாவது இரண்டைத் தேடி அடுத்தடுத்துப் பாருங்கள், எறிகிற விதம் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மாறும். 'தி ஜென் டைரி'யை மட்டும் பசியோடு பார்க்க வேண்டாம்.